தீர்த்தத்தோடு கொடுத்த மாத்திரை

அன்று செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். சாரங்கபாணியாகிய நான். என் மனைவி கோமளம். என் மகன் கிருஷ்ணபிரசாத். அவன் மனைவி சாருலதா. என் மகள் பிரபாவதி; அவளைப் பெண் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர்: கோதண்டராமன், அவர் மனைவி, அவர்களுடைய பையன். சமையலறை வாசலில் பாத்திரம் தேய்க்கும் பூவாயி நின்றிருந்தாள். அவளையும் சேர்த்தால் ஒன்பது பேர்.

வாக்குமூலத்தை, யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். சரியான முறைதான். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்துச் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆட்களின் பெயர் தெளிவாக இல்லாத பத்திரம் ஒன்றைக்கூட நான் பதிவு செய்ததில்லை.

1998 ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொஜ்ஜி பதமாக வந்திருந்தது. கோதண்டராமன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜாதகம் பொருந்தியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு மாமல்லபுரத்துப் பெருமாள் கோயிலில் என் பாட்டனார் காலத்திலிருந்து தீர்த்த மரியாதை உண்டு என்பதை அவரே தன் மனைவியிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சாருலதா காபித் தட்டோடு வந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்தாள், சுவரைப் பிடித்தாள், கோதண்டராமன் காலடியில் வாந்தி எடுத்தாள்.

மஞ்சளாக, நூல் நூலாக, புளித்த காபி நாற்றத்தோடு அது தரையில் பரவியது. அவருடைய வேஷ்டிக் கரையில் சில துளிகள் தெறித்தன. அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார். அந்தக் கால் நகர்ந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பூவாயிதான் முதலில் துணியோடு ஓடி வந்தாள். "தலவலி வந்துச்சா சின்னம்மா? ஒண்ணியும் இல்ல, கண்ண மூடிக்கோ. வா, உள்ள இட்டுனு போறேன்."

கோதண்டராமன் மனைவி கேட்டாள். "என்ன மாமி, மாட்டுப்பொண்ணு முழுகாம இருக்காளா?"

"இல்லை மாமி, வெறும் தலைவலி" என்றாள் கோமளம்.

"தலைவலிக்கு யாராவது இப்படிக் கண்ணைச் சொருகிண்டு நிப்பாளோ? எங்க ஒண்ணுவிட்ட ஓர்ப்படி இப்படித்தான் பண்ணுவா. வலிப்புன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

அவள் பையன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. சிரித்த முகம். "என்ன மாத்திரை சாப்பிடறான்னு சொல்லுங்கோ. அட்டையை என் கையில குடுத்தா போதும், என்ன வியாதின்னு நான் சொல்லிடுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது.

சாருலதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்ட பெண் இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் வரைபடம் போடும் வேலை. விமானம், தூண், மூர்த்தி எல்லாவற்றுக்கும் அளவு பிசகாமல் கோடு போடுவாள். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை என்பதால் நான் தடுக்கவில்லை. ஆனால் நாள் முழுவதும் உளிச் சத்தம், கல்தூசி, கடற்கரை வெயில். மாதத்தில் ஐந்தாறு முறை ஒற்றைத் தலைவலி வரும். வந்தால் ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, வாந்தி எடுக்கப் பக்கத்தில் ஒரு பேசினோடு படுத்துவிடுவாள். அந்த அறையைத் தாண்டிப் போகும்போது தைலமும் வாந்தியும் கலந்த ஒரு வாடை வரும். பட்டப்பகலில், விளக்கேற்றும் நேரத்தில்கூட, அந்த வாடை. எனக்குக் குமட்டும். உடம்பு நோவதை நான் குறை சொல்லவில்லை. அதை இப்படி வீடு முழுக்கப் பரப்புவது எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் நானே அவளை டாக்டர் ஞானதாஸிடம் அழைத்துப் போனேன். கிருஷ்ணபிரசாத்துக்கு ஆபீஸ் இருந்தது. டாக்டர் அரை மணி நேரம் அவளைப் பரிசோதித்துவிட்டு, வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை என்று பக்கத்து அறையில் படுக்கவைத்தார். மாத்திரை விஷயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

"இதுக்கு ரெண்டு வகை மருந்து இருக்கு சார். ஒண்ணு, வலி வந்தப்புறம் அதை அடக்குறது. இன்னொண்ணு, வராம தடுக்குறது. மாசத்துல இவ்வளவு தடவை வருதுன்னா தடுக்குற மருந்து கண்டிப்பா வேணும். ரத்த அழுத்த மாத்திரை ஒண்ணு நல்லா வேலை செய்யும், ஆனா பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு இருக்கு, அது ஆகாது. வலிப்புக்குக் குடுக்குற மாத்திரையும் கேட்கும், ஆனா குழந்தை பெத்துக்கற வயசு, வேண்டாம். அதனால மனச்சோர்வுக்குக் குடுக்குற மாத்திரையக் குறைஞ்ச அளவுல எழுதுறேன். பயப்படாதீங்க, இது மனசுக்காக இல்ல, தலைவலிக்குத்தான். ராத்திரி ஒண்ணு. ரெண்டு மாசம் பொறுமையா சாப்பிடணும்."

பிறகு வலி வந்தால் போடும் மாத்திரையை எழுதினார். "இது தானியக் கதிர்ல வர்ற ஒரு பூஞ்சைலேர்ந்து எடுக்குறது. ரத்தக்குழாயச் சுருக்கும். வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல குடுக்கவே கூடாது. அடிக்கடி போட்டா இந்த மாத்திரையே தலைவலியக் கொண்டுவரும். விரல் நுனி ஜில்லுனு மரத்துப்போச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்திட்டு என்கிட்ட ஓடி வாங்க. பாப்பாகிட்டயும் இத நான் சொல்லணும்."

"அவளுக்கு இப்போ எதுவும் மண்டையில ஏறாது. நான் சொல்லிக்கறேன்" என்றேன். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் என் நாட்குறிப்பில் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். அது என் வழக்கம். அந்த நாட்குறிப்பு உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

மாத்திரை அட்டைகளோடு வந்த அச்சிட்ட தாள்களை அன்று மாலை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ராத்திரி மாத்திரையின் தாளில் மனச்சோர்வு, மனநோய், படுக்கையில் சிறுநீர் கழித்தல் என்று போட்டிருந்தது. தலைவலி என்ற சொல் அதில் எங்குமே இல்லை. இன்னொரு மாத்திரையின் தாளில் முதல் வரியிலேயே, ஒற்றைத் தலைவலிக்கு, என்று இருந்தது.

டாக்டர் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். தாளில் அச்சடித்ததுதான் நிற்கும். என் வேலையில் நான் கற்றது அது ஒன்றுதான். நிலத்தை உழுகிறவன் யார் என்று நாங்கள் பார்ப்பதில்லை, பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். கோதண்டராமன் பையன் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வரத் தொடங்கியிருந்தான். குப்பையில் கிடக்கும் ஒரு காலி அட்டை அவன் கண்ணில் பட்டால் போதும். வலிப்பு இல்லாவிட்டால் பைத்தியம் என்றாகிவிடும். பிரபாவதிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்கு முன் நான்கு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

ராத்திரி மாத்திரைகளைக் கிணற்றில் போட்டேன். அச்சிட்ட தாள் சுத்தமாக இருந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் வீட்டில் காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் முடிந்ததும் நான்தான் எல்லோருக்கும் தீர்த்தம் கொடுப்பேன். வயது வரிசையில் வந்து நிற்பார்கள். வலது உள்ளங்கையைக் குழித்து, மூன்று முறை வாங்கிக்கொள்வார்கள். தீர்த்தத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் இல்லை. அட்டையிலிருந்து பிரித்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருந்த மாத்திரையை மூன்றாவது தீர்த்தத்தோடு சாருலதா கையில் போட்டேன்.

"தினமும் சாப்பிடற தடுப்பு மாத்திரை. டாக்டர் குடுத்தது" என்றேன்.

"சரிப்பா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள்.

முதல் மூன்று வாரம் பலன் நன்றாகத்தான் இருந்தது. அறை திறந்திருந்தது. வாடை இல்லை. நிச்சயதார்த்தத்தன்று சாருலதா தாழம்பூ நிறப் புடவையில் எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு பரிமாறினாள். கோதண்டராமன் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்போ தேவலையா?" என்றாள். "எனக்கு என்ன மாமி, ஒண்ணும் இல்லையே" என்றாள் சாருலதா. கெட்டிக்காரப் பெண். மாதம் முடிந்து டாக்டரிடம் நான் மட்டும் போய், குணமாகிவிட்டது என்று சொல்லி வந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். ராத்திரி மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்றார்.

அதன் பிறகு டாக்டர் சொன்னபடியே நடந்தது. மாத்திரையின் வேகம் குறையும் சாயங்கால நேரத்தில் தினமும் வலி வர ஆரம்பித்தது. நான் சாயங்காலமும் ஒன்று கொடுத்தேன். ஒரே கடையில் கேட்டால் கேள்வி வரும் என்று ஒரு வாரம் செங்கல்பட்டிலும், ஒரு வாரம் திருக்கழுக்குன்றத்திலும், ஒரு வாரம் மாமல்லபுரத்திலும் வாங்கினேன். பஸ்ஸில் போய் வருவது அந்த வயதில் எனக்குச் சிரமம்தான். குடும்பத்துக்காக அதைச் செய்தேன்.

மார்கழி ஐந்தாம் தேதி சாருலதா தீர்த்தம் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அப்பா, விரலெல்லாம் ஜில்லுனு மரத்துப்போறது. பென்சில் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்லை. நேத்திக்குத் தூணுக்குக் கோடு போடறச்சே கை விட்டுப்போச்சு. ஸ்தபதி திட்டிட்டார்."

அவள் விரலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரக்கல் மாதிரி இருந்தது.

"மார்கழிப் பனி. கம்பளி போட்டுக்கோ" என்றேன்.

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் வலி இரண்டு மடங்காகத் திரும்பும். மறுபடியும் மூடிய அறை, பேசின், அந்த நாற்றம். சத்திரம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சம்பந்தியின் காலடியில் வாந்தி. நாட்குறிப்பை எடுத்து டாக்டர் சொன்னதை மறுபடி படித்தேன். மூடி வைத்தேன். மறுநாளும் கொடுத்தேன்.

தை பிறந்தபோது வலது கையின் நாலு விரல் நுனிகளும் ஊதா நிறமாகிவிட்டன. அவள் அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். மகன் கேட்டதற்கு, "அப்பா பார்த்துண்டிருக்கார், டாக்டர் மருந்துதான்" என்று சொன்னாளாம். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தது.

பூவாயிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு நாள் கொல்லைப்புறத்தில் துடைப்பத்தோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னா சாமி, சின்னம்மா வெரலப் பாத்தியா? செத்த எலி கணக்கா கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவியா, இல்ல இன்னும் கொயந்தைக்கு மந்திரத் தண்ணி குட்த்துக்கினே இருப்பியா?"

"உன் வேலையைப் பார்."

"என் வேலதான் இது. அவங்க வாந்தியத் தொடச்சது நானு, நீ இல்ல. எனக்கே நாத்தம் பட்ல, உனக்கு இன்னாத்துக்கு மூஞ்சி கோணுது?"

அவளை அன்றே வேலையை விட்டு நிறுத்தினேன். போகும்போது வாசலில் நின்று, "பெரிய வூடாம்!" என்று தெருவில் துப்பிவிட்டுப் போனாள். அந்த எச்சிலின்மேல் நானே தண்ணீர் ஊற்றினேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு கோமளம் என்னிடம் வந்தாள். "சாருவோட கையை எல்லாரும் பார்ப்பாளே" என்றாள். மருதாணி அரைக்கச் சொன்னேன். கல்யாண வீட்டில் மருதாணி வைப்பது வழக்கம்தானே. விரல் நுனியில் தொப்பி வைத்தாற்போல் கனமாக வைத்து, இரண்டு கையிலும் இரண்டு முறை அப்பினார்கள். சாருலதா வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் கழுவியபோது நல்ல கருஞ்சிவப்பு. எது மருதாணி, எது விரல் என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. "மாட்டுப்பொண்ணுக்கு என்னமாப் பத்தியிருக்கு பாருங்கோ! ஆம்படையானுக்கு ரொம்பப் பிரியம் போலிருக்கு" என்று சம்பந்தி அம்மாள் கேலி செய்தாள்.

ஊஞ்சலில் மணமக்களுக்குத் திருஷ்டி கழிய, நிறம் சேர்த்த சோற்று உருண்டைகளால் பச்சைப்பிடி சுற்றும்போது சாருலதாவின் கையிலிருந்து ஒரு மஞ்சள் உருண்டை நழுவி விழுந்தது. அவளுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. வெறுங்கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அன்று காலையும் மாத்திரை கொடுத்திருந்தேன், சற்றுக் கூடுதலாக. அவள் வாந்தி எடுக்கவில்லை. பிரபாவதியின் கல்யாணம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது.

அவர்களைக் கட்டுச்சாதத்தோடு வழியனுப்பி மூன்றாம் நாள், மருதாணிக்கும் அடங்காமல் அந்த விரல்களிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. வாந்தி நாற்றம் அதற்கு எவ்வளவோ மேல். அன்றுதான் கிருஷ்ணபிரசாத் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நாலையும் எடுத்துவிட்டார்கள். இடது கை தப்பியது. அறுவை செய்த டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். தலைவலி மாத்திரையின் பெயரைச் சொன்னேன். தினமுமா என்று அவர் அதிர்ந்துபோய்க் கேட்டார். "டாக்டர் ஞானதாஸ் எழுதிக் கொடுத்தது" என்றேன். அவர் எழுதிக் கொடுத்தது உண்மைதான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

டாக்டர் ஞானதாஸ்மேல் என் மகன் புகார் கொடுத்தான். இரண்டு வருடமாக விசாரணை நடக்கிறது. அவருடைய கிளினிக்கில் கூட்டம் இல்லை என்று கேள்விப்படுகிறேன். ஒரு முறை தெருவில் என்னைப் பார்த்து, "பாப்பா எப்படி இருக்கா சார்?" என்று கேட்டார். நான் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன்.

சாருலதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில், வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றாள். வலது கையில் கட்டு. இடது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தேளாப்பா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கணக்குக்கு விடை கேட்பது போலக் கேட்டாள்.

இடது கையில் தீர்த்தம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கொடுக்காமல் அடுத்த ஆளுக்கு நகர்ந்தேன். அந்த வாரமே அவளும் என் மகனும் படூர் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இடது கையால் கோடு போடப் பழகுகிறாளாம். கோணலாக வருகிறதாம்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன வாரம் விசாரணையில் டாக்டருடைய பதிவேட்டைப் படித்தார்கள். அதில் சாருலதா பெயருக்கு எதிரே ராத்திரி மாத்திரை என்று மனநோய் மருந்தின் பெயர் இருக்கிறது. நாலு பேர் முன்னால் அதைச் சத்தமாகப் படித்தார்கள். இனி அது நிரந்தரப் பதிவு. கோதண்டராமன் வீட்டுக்கும் போய்ச் சேரும். அந்த மாத்திரையை அவள் ஒரு நாள்கூட விழுங்கவில்லை. அதைப் பதிவு செய்யத்தான் வந்தேன்.

அப்படிப் பதிவு செய்தால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்கிறேன். டாக்டர் சரியான மருந்தைத் தேர்ந்தெடுத்தார். நான் அதைக் கிணற்றில் போட்டேன். தினமும் கொடுக்கக்கூடாதது என்று தெரிந்த மருந்தை எழுபது நாளுக்கு மேல் கொடுத்தேன். அவள் விரல் குளிர்ந்தது என்று அவளே சொன்ன பிறகு கொடுத்தது மட்டும் நாற்பத்திரண்டு நாள். அந்த நாற்பத்திரண்டு நாளும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் இருக்கிறது. கோமளத்தை இதில் சேர்க்கவேண்டாம். அவள் மருதாணி மட்டும்தான் அரைத்தாள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றே ஒன்று. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. என் மருமகளுக்கு வலிப்பு வந்து, எரிகிற அடுப்பில் கையை வைத்துவிட்டாள், அதனால்தான் விரல் போயிற்று என்று சொல்கிறார்கள். அது முழுப் பொய். எங்கள் வீட்டில் யாருக்கும் வலிப்பு கிடையாது.